வெயில் கொன்றவர் எத்தனை பேர்?

2024-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஓர் உத்தரவு பிறப்பித்தார்கள். புயல், வெள்ளம் முதலியவற்றைப் போலவே கடும் வெப்பத்தையும் நம் மாநிலத்துக்குரிய பேரிடர் என்று ஏற்றுக்கொண்டு, அதனால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவித் தொகை உண்டு என்று அவ்வுத்தரவு கூறிற்று. நல்ல உத்தரவு, அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் அதைப் படித்த எவருக்கும் அடுத்த கணமே தோன்ற வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. வெயிலால் இறந்தவர் இன்னார் என்று யார் சொல்வது? எதைக் கொண்டு சொல்வது?

புயலில் மாண்டவனைக் கண்ணால் காணலாம். வீழ்ந்த மரம் சாட்சி. இடிந்த சுவர் சாட்சி. வெயில் அவ்வாறு தடயம் விட்டுச் செல்வதில்லை. சித்திரை மாதத்தில் பகல் முழுதும் செங்கல் சுமந்த கூலியாள் ஒருவன் மாலையில் வீடு திரும்புகிறான். தகரக் கூரையின் கீழ்ப் படுக்கிறான். தலை வலிக்கிறது என்கிறான். சோறு வேண்டாம் என்கிறான். விடிவதற்குமுன் உயிர் போய்விடுகிறது. “நெஞ்சுவலியாம்” என்று பந்துக்கள் சொல்லுகிறார்கள். மரணத்தைப் பதிவு செய்யும் குமாஸ்தாவும் அப்படியே எழுதிக்கொள்ளுகிறார். அவர் பொய் எழுதவில்லை. நெஞ்சு நின்றது உண்மைதான். அதை நிறுத்தியது எது என்று கேட்கும் கட்டம் அவர் கையிலுள்ள தாளில் இல்லை.

உஷ்ணம் மனிதனைக் கொல்லும் வகையை வைத்தியர்கள் நன்கறிவார்கள். சூடு மிகுந்தபோது உடல் தன்னைக் குளிரச் செய்துகொள்ள இரத்தத்தைத் தோலின்பக்கம் திருப்புகிறது; வியர்வையைப் பெருக்குகிறது. இருதயம் வழக்கத்தைவிடப் பன்மடங்கு உழைக்க வேண்டியிருக்கிறது. நீர் குறைய இரத்தம் தடிக்கிறது, சிறுநீரகங்கள் வாடுகின்றன. உடலின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டி அறிவு கலங்குமாயின் அது வெப்பவாதம். அதை எந்த வைத்தியரும் இனங்கண்டு எழுதிவிடுவார். ஆனால் அந்நிலையை எட்டுமுன்னரே, ஏற்கெனவே நைந்திருந்த இருதயமும் சிறுநீரகமும் நின்றுபோய் மாண்டவர்களே மிகப் பலர். சென்னை போன்ற கடலோர நகரங்களில் இன்னொரு துன்பமும் சேருகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. உலராத வியர்வையால் உடல் குளிராது. வான ஆராய்ச்சி இலாகாவினர் கடலோரத்தில் வெப்பமானி 37 டிகிரியை எட்டி, வழக்கத்தினும் 4.5 டிகிரி மிகுந்தாலே வெப்ப அலை என்கின்றனர். அந்த விதியில் ஈரத்துக்கு இடமில்லை. புழுங்கிச் சாகிறவனுக்கு அந்த விதியைப்பற்றி யார் எடுத்துச் சொல்வது?

இரண்டு எண்களை வாசகர்கள்முன் வைக்கிறோம். 2024-ம் வருஷக் கோடை வட இந்தியாவைப் பொசுக்கியது அனைவரும் அறிந்தது. அவ்வாண்டு மார்ச் 1 முதல் ஜூன் 18 வரை வெப்பவாதம் எனச் சந்தேகிக்கப்பட்டோர் நாடு முழுதும் 40,000 பேருக்கு மேல் என்றும், அதனால் இறந்தவராக உறுதி செய்யப்பட்டோர் 110 பேர் என்றும் சுகாதார இலாகாவின் கணக்கு கூறியது. இது ஓர் எண். 2022-ம் வருஷக் கோடையில் ஐரோப்பாக் கண்டத்தில் வெப்பத்தால் இறந்தோர் 61,000 பேருக்கு மேல் என்று அடுத்த ஆண்டில் ஆராய்ச்சியாளர் கணித்து வெளியிட்டனர். இது மற்றோர் எண். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் பிள்ளை என்ன நினைக்கும்? ஐரோப்பா தீக்கங்கு என்றும் இந்தியா தென்றல் வீசும் சோலை என்றும் அன்றோ நினைக்கும்!

வித்தியாசம் வெயிலில் இல்லை. எண்ணும் முறையில் இருக்கிறது. நாம் வெப்பவாதம் என்று சீட்டில் எழுதப்பட்ட பிரேதங்களை மட்டும் எண்ணுகிறோம். அவர்கள் சீட்டை நம்புவதில்லை. இன்ன வாரத்தில் இந்த ஊரில் வழக்கமாக இறப்போர் இத்தனை பேர். வெயில் கொளுத்திய இவ்வாரத்தில் இறந்தோர் இத்தனை பேர். கூடுதல் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். காரணம் எதுவென்று ஒவ்வொரு பிணத்தையும் கேட்பதில்லை, மொத்தத்தைக் கேட்கிறார்கள். அவர்களும் இதைப் பட்டே கற்றார்கள். 2003-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பிரான்ஸ் தேசத்தில் சுமார் 15,000 பேர் வழக்கத்துக்கு மேலாக மாண்டனர். பெரும்பாலோர் தனித்து வாழ்ந்த முதியோர். பிரேதங்களை வைக்க இடம் போதாமற் போன பின்புதான் அத்தேசத்துச் சர்க்கார் விழித்தெழுந்தார்கள். மறு வருஷமே வெப்பத்துக்கான தேசியத் திட்டம் ஒன்றை வகுத்தார்கள்.

இந்த முறை சீமைக்கே உரியது, நம் நாட்டில் செல்லாது என்று எவரேனும் கூறுவாராயின் அவருக்கு ஆமதாபாத் நகரமே விடை. 2010-ம் வருஷம் மே மாதத்தில் அந்நகரில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. கோடை கடந்தது, மழை வந்தது, ஜனங்கள் மறந்தனர். பின்னர் ஆராய்ச்சியாளர் சிலர் நகரசபையின் மரணப் பதிவேட்டைப் புரட்டினார்கள். அந்த மே மாதத்தில் இறந்தோர் 4,462 பேர். அதற்கு முந்திய ஆண்டையும் பிந்திய ஆண்டையும் கொண்டு பார்க்கையில், அம்மாதத்தில் இறந்திருக்க வேண்டியவர் 3,118 பேர்தாம். ஆக, 1,344 உயிர்கள் மிகை. நூற்றுக்கு 43 வீதம் மரணம் ஏறியிருந்தது. ஆயிரத்துமுந்நூறு பேர் ஒரு நகரத்தில் ஒரே மாதத்தில் மாண்டிருக்கிறார்கள். அது ஒரு பெரும் விபத்து என்று அப்போது எவருக்கும் தெரியவில்லை. ரயில் கவிழ்ந்து இதில் பத்தில் ஒரு பங்கு பேர் இறந்திருந்தால் தேசமே துக்கம் கொண்டாடியிருக்கும். மந்திரிகள் ஓடோடி வந்திருப்பார்கள்.

எண் தெரிந்தது, செயல் பிறந்தது. 2013-ல் ஆமதாபாத் நகரசபை வெப்பத்துக்கான செயல் திட்டம் ஒன்றை வகுத்தது. தென் ஆசியாவில் இதுவே முதலாவது. வான ஆராய்ச்சியாளரின் முன்னறிவிப்பு வந்தவுடன் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என நிறம் காட்டி ஜனங்களை எச்சரிப்பது, குடிநீர்ப் பந்தல் வைப்பது, ஆஸ்பத்திரிகளை முன்கூட்டியே ஆயத்தம் செய்வது, வைத்தியர்களுக்குப் பயிற்சி தருவது—இவையே திட்டம். இதில் வானை வளைக்கும் வித்தை ஒன்றுமில்லை. பிற்பாடு கணக்கிட்டவர்கள், திட்டத்தின் பயனாக ஆண்டுக்குச் சராசரி 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டன என்று மதிப்பிட்டனர். உண்மை எண் 162 ஆகவும் இருக்கலாம், 2,218 ஆகவும் இருக்கலாம் என்று அவர்களே மறைக்காமற் சொன்னார்கள். இவ்வளவு அகன்ற இடைவெளியா என்று நகைப்போர் நகைக்கட்டும். தமக்குத் தெரிந்ததன் எல்லை இதுவென்று கோடு கிழித்துக் காட்டும் நேர்மை எத்தனை அரசியல் அறிக்கைகளில் இருக்கிறது? கீழெல்லையாகிய 162 உயிரே மெய்யெனக் கொண்டாலும், தண்ணீர்ப் பந்தலுக்கும் எச்சரிக்கைச் சீட்டுக்கும் ஆன செலவு வீணென்று எவன் சொல்வான்?

அதே நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிறந்த குழந்தைகளையும் தாய்மாரையும் வைக்கும் வார்டு மேல் மாடியில், சுடும் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்தது. வெயில் 42 டிகிரியைத் தாண்டிய நாட்களில் சிசுக்கள் சூட்டினால் நோயுற்றுத் தீவிர சிகிச்சைக்கு வருவது மிகுந்ததைக் கணக்கு காட்டிற்று. வார்டைக் கீழ்த் தளத்துக்கு மாற்றினார்கள். அவ்வாறு வரும் சிசுக்களின் தொகை பாதிக்கும் கீழே குறைந்தது. புது மருந்தில்லை, புது யந்திரமில்லை. கட்டில்களை மாடியிலிருந்து இறக்கினார்கள், அவ்வளவே. ஆனால் யாரோ ஒருவர் உட்கார்ந்து, எந்நாளில் எத்தனை குழந்தை, எந்நாளில் எத்தனை டிகிரி என்று இரண்டு வரிசையாக எழுதிப் பார்த்திராவிடில் அக்கட்டில்கள் இன்னும் மாடியில்தான் இருந்திருக்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2024-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, சென்னை உட்பட இந்தியாவின் பத்து நகரங்களில் 2008 முதல் 2019 வரை நிகழ்ந்த சுமார் 36 லட்சம் மரணங்களை நாள்வாரியாக எடுத்து, அந்தந்த நாளின் வெப்பத்தோடு பொருத்திப் பார்த்தது. அந்தந்த ஊரின் வெப்ப நாட்களில் மிகக் கடுமையான நூற்றுக்கு மூன்று நாட்களைப் போன்ற வெயில் தொடர்ந்து இரண்டு நாள் அடித்தால், மரணம் நூற்றுக்கு 14.7 வீதம் ஏறுகிறது என்று கண்டனர். வெயில் மேலும் நீடித்தால் ஏற்றமும் மிகும். இங்கே அளவுகோல் அந்தந்த ஊரின் வழக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். டில்லிக்காரன் பழகிய சூடு வேறு. பெங்களூர்க்காரன் பழகிய சூடு வேறு. பழக்கத்துக்கு மீறியதே கொல்லுகிறது.

மரணம் ஒன்றே தீங்கென்று கொள்ளுவதும் பிழை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கடும் வெப்பத்தில் வேலை செய்கிறவர்கள். வயலிலும் செங்கற் சூளையிலும் உப்பளத்திலும் உழைக்கும் அப்பெண்களுக்கு, நிழலில் வேலை செய்வோரைவிடக் கருச்சிதைவு நேரும் அபாயம் இரு மடங்கு என்று 2023-ல் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் எழுதினர். அதே நிறுவனத்தார் நம் உப்பளத் தொழிலாளர்களையும் ஆராய்ந்தனர். ஏறக்குறைய எல்லோரும், உழைப்புக்கு இவ்வளவே தகும் என்று வகுத்த அளவுக்கு மிஞ்சிய சூட்டில் வேலை செய்வதையும், சிலருக்குச் சிறுநீரகத்தின் ஆற்றல் குன்றியிருப்பதையும் கண்டனர். தூத்துக்குடி உப்பு நம் ஒவ்வொருவர் இலையிலும் விழுகிறது. கழிப்பிடம் இல்லாததால் தண்ணீர் குடிக்கவே அஞ்சி வேலை செய்யும் பெண்கள் அந்த உப்பை வாருகிறார்கள் என்பது உண்ணுகிறவருக்குத் தெரிய வேண்டும்.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம். “வெயிலைவிடக் குளிரே அதிகம் பேரைக் கொல்லுகிறது, பூமி சூடேறினால் நல்லதுதானே?” என்று சிலர் கேட்கின்றனர். இவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. 2015-ல் 13 நாடுகளின் 7 கோடியே 40 லட்சம் மரணங்களை ஆராய்ந்தவர்கள், குளிரால் நேர்ந்தவை நூற்றுக்கு 7.29 என்றும் வெப்பத்தால் நேர்ந்தவை 0.42 என்றும் கண்டனர். இந்தியாவிலேயே 2001 முதல் 2013 வரை நிகழ்ந்த மரணங்களைக் கொண்டு 2018-ல் வெளியான ஆராய்ச்சியும் மிதமான குளிரின் பங்கு பெரிது என்றே கூறிற்று. இதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று. ஆனால் மிதமான குளிர் வருஷத்தில் பெரும்பகுதி நாட்களில் உண்டு. கொடும் வெயில் சில நாட்களே. நாட்கள் பலவானால் சிறு தீங்கும் கூடிப் பெருந்தொகையாகும். மேலும் குளிரின் தீங்கு மூன்று வாரம் வரை மெல்லப் பரவுகிறது. வெயில் இரண்டு மூன்று நாளில் வேலையை முடித்துவிடுகிறது. முன்னறிவிப்புக்கும் தடுப்புக்கும் இடங்கொடுப்பது இந்த இரண்டாவதே. ஏழைக்குக் கம்பளி வேண்டாம், வெயில் போதும் என்று சொல்லுகிறவர் இரண்டையும் அனுபவித்தறியாதவர்.

வெயில் கொன்றவர்கள் எப்படியும் சில நாளில் இறந்திருப்பார்கள், வெயில் நாளை முந்தவைத்தது மட்டுமே என்றும் ஒரு வாதம் உண்டு. அப்படியானால் வெப்ப அலைக்குப் பிந்திய வாரங்களில் மரணம் வழக்கத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கிற்றா என்பதைப் பதிவேடு சொல்லும். ஆமதாபாத் கணக்கில் ஒரு மாதத்தையே மொத்தமாக எடுத்தும் 1,344 மிகை நின்றது என்பதை மறவாதிருக்க வேண்டும்.

இத்தனையும் வெயிலின் செயல். மனிதன் செய்த பங்கு எவ்வளவு? இதைப் பிரித்தறியவும் கணிதர்கள் வழி கண்டுள்ளனர். கரியும் எண்ணெயும் எரித்து நாம் காற்றைக் கெடுத்திராவிடில் பூமியின் வெப்பம் எவ்வாறு இருந்திருக்கும் என்று யந்திரக் கணக்கில் ஓர் உலகைப் படைக்கிறார்கள். மெய்யுலகில் கண்ட மரணத்தையும் அக்கற்பனை உலகில் நேர்ந்திருக்கக்கூடிய மரணத்தையும் ஒப்பிடுகிறார்கள். 2021-ல் 43 நாடுகளைச் சேர்ந்த 732 இடங்களை இவ்வாறு ஆராய்ந்ததில், 1991 முதல் 2018 வரை வெப்பத்தால் நேர்ந்த மரணங்களில் நூற்றுக்கு 37 மனிதனால் நேர்ந்த மாறுதலின் விளைவு என்று தெரிந்தது. அந்த 43 நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. ஆராய்ச்சியாளர் நம்மை வேண்டாமென்று தள்ளவில்லை. தென் ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியிலிருந்தும் தகுந்த மரணக் கணக்கு கிடைக்கவில்லை என்று வருந்தி எழுதினார்கள். உலக ஜனங்களில் ஆறில் ஒரு பங்கினர் உலகத்தின் கணக்கில் இல்லை! 1901 முதல் 2018 வரை நம் நாட்டின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது. அந்தப் புகையில் நாம் ஊதியது ஆளுக்குக் கொஞ்சமே. பணக்கார தேசங்கள் நூறாண்டுக்கு மேலாக ஊதியது மலையளவு. சர்வதேச சபைகளில் நம் பிரதிநிதிகள் எழுந்து நின்று நஷ்டஈடு கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கையே. உங்களுக்கு நேர்ந்த நஷ்டம் எவ்வளவு என்று எதிரில் இருப்பவர் கேட்டால், 110 என்ற எண்ணையா நீட்டுவது?

மரணத்தை எண்ணுவது அதிகாரத்தோடு போராடும் கருவியாகும் என்பதற்கு நம் சென்னை இராஜதானியின் சரித்திரமே சான்று. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-ம் வருஷத் தொடக்கத்தில், லிட்டன் பிரபு அனுப்பிய ஸர் ரிச்சர்டு டெம்பிள், பஞ்ச வேலைக்கு வந்த கூலிகளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்துக்கான கூலியே போதுமென்று விதித்தார். சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்தார். அவர் புரட்சிக்காரரல்லர், அதே சர்க்காரின் உத்தியோகஸ்தர். ஆயினும் மெலிந்த உடல்களையும் முகாம்களில் நேர்ந்த மரணங்களையும் கணக்கெடுத்து மேலிடத்தின்முன் வைத்தார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் போன உயிர்கள் போயின. அவர் எண்ணியிராவிடில் அவ்வளவுகூட நடந்திராது.

இன்று நம்மை ஆளுகிறவர்கள் நம்மவர்களே. கணக்கு மட்டும் எந்த நிலையில் இருக்கிறது? 2020-ம் வருஷத்தில் நாட்டில் பதிவான மரணங்களில், காரணம் இன்னதென்று வைத்தியர் சான்று கூறியவை நூற்றுக்கு 22.5 மட்டுமே. 2021-ம் வருஷத்து மரணப் பதிவு அறிக்கை 2025-ம் வருஷம் மே மாதத்தில்தான் வெளிவந்தது. நான்கு கோடைகள் கடந்த பின் வந்த கணக்கைக் கொண்டு எந்தத் தண்ணீர்ப் பந்தலை எங்கே வைப்பது? 2021-ல் நடக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கெடுப்பும் அவ்வாண்டில் நடக்கவில்லை. ஆயிரத்துக்கு எத்தனை பேர் இறந்தார் என்று சொல்லவேண்டுமானால், எத்தனை ஆயிரம் பேர் இருந்தார் என்பது தெரிய வேண்டாமா?

இவற்றுள் பல டில்லி செய்ய வேண்டியவை. தமிழ்நாடு தானே செய்யக்கூடியதும் உண்டு. மரணத்தைப் பதிவதில் நம் மாநிலம் நெடுங்காலமாக முன்னணியில் நிற்கிறது. வீட்டில் இறந்தாலும் ஆஸ்பத்திரியில் இறந்தாலும் பெயர், வயது, பாலினம், இடம், தேதி எல்லாம் நகரசபை ஏட்டிலும் பஞ்சாயத்து ஏட்டிலும் ஏறிவிடுகின்றன. காரணம் தப்பாயிருக்கலாம்; தேதி தப்பாது. கூடுதல் மரணத்தை அறிய அந்தத் தேதியே போதும். ஆகவே பெயரை நீக்கிவிட்டு, ஜில்லாவாரியாகவும் நகரங்களில் வட்டவாரியாகவும் நாள்தோறும் எத்தனை பேர் இறந்தனர் என்ற எண்ணை வாரம் ஒருமுறை சர்க்கார் வெளியிடட்டும். அதன் பக்கத்தில் அந்நாளின் வெப்பத்தையும் ஈரத்தையும் அச்சிடட்டும். ஆராய்ச்சி செய்யக் கலாசாலைகளில் இளைஞர் ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். அவர்கள் விண்ணப்பம் எழுதி ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. கோடை மாதங்களில் வீட்டில் நேர்ந்த மரணத்தைப் பதியும்போது, இறந்தவர் கடைசி இரண்டு நாட்களில் என்ன வேலை செய்தார், எங்கே படுத்திருந்தார் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கட்டும்.

உதவித் தொகை விஷயத்திலும் இதனால் தெளிவு பிறக்கும். தனி ஒருவன் வெயிலால்தான் இறந்தான் என்று நிரூபிக்கும் சுமையைத் தாலியறுத்த பெண்ணின் தலையில் ஏற்றுவது நியாயமன்று. இன்ன ஜில்லாவில் இன்ன நாட்களில் மரணம் வழக்கத்தை மீறிற்று என்று கணக்கே காட்டுமாயின், அந்நாட்களில் வெளியில் உழைத்து மாண்டவர் குடும்பத்தின் மனுவை ஐயத்தோடு பார்க்கும் அதிகாரிதான் காரணம் கூற வேண்டியவராவார். அவ்வாறு விதியைத் திருத்தினால் செலவு ஏறும் என்பதை நாம் அறியாமலில்லை. ஏறினால் ஏறட்டும். அந்தத் தொகையின் பெருக்கமே, தகரக் கூரையை மாற்றுவதும் நண்பகலில் வேலையை நிறுத்துவதும் மலிவென்று பொக்கிஷ அதிகாரிகளுக்கு எடுத்துச் சொல்லும்.

2024-ம் வருஷத்து உத்தரவு பிறந்த நாள் முதல் அந்த 4 லட்ச ரூபாயை எத்தனை குடும்பங்கள் கேட்டன, எத்தனை குடும்பங்கள் பெற்றன, எத்தனை மனுக்கள் எந்தக் காரணத்தால் தள்ளப்பட்டன? ஜில்லாவாரியாக இதற்கு விடை வேண்டுமென்று சட்டசபை அங்கத்தினர் ஒருவரேனும் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்பாரென்று எதிர்பார்க்கிறோம்.